மெத்தென்ற சைக்கிள் சீட்டை நம்பித் திருச்செந்தூருக்குக் கிளம்பாதீர்கள்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் 60 கி.மீ.க்குள்தான். மேடு பள்ளம் அதிகம் கிடையாது. பாதி வழி வாழையும் வயலுமாக, தாமிரபரணியை விட்டு ரொம்ப விலகாமல் போகிற சாலை. சைக்கிள் வாங்கி இரண்டு மாதம் ஆன தைரியத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினேன். முந்தின நாள்தான் ஜெல் உறை ஒன்று வாங்கி சீட்டின் மேல் மாட்டியிருந்தேன். அமுக்கினால் விரல் அல்வாவுக்குள் இறங்குவதுபோல இறங்கும். இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்துங்கநல்லூர் வரை ராஜபோகம். கருங்குளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தேன். ஆழ்வார்திருநகரியில் டீ குடிக்க இறங்கியபோது காலை அகட்டித்தான் நடக்க முடிந்தது. ஒன்றுக்குப் போனபோது முன்பக்கம் முழுக்க மரத்துப்போயிருப்பது தெரிந்து பயந்துவிட்டேன். அதோடு சரி. முருகனுக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போன லோடு வண்டியில் தார்களுக்கு நடுவே சைக்கிளைப் படுக்க வைத்து ஊர் திரும்பினேன்.

"சைக்கிளுக்கு என்ன அண்ணாச்சி, பஞ்சரா?" என்றார் டிரைவர்.

"சைக்கிள் நல்லாத்தான் இருக்கு தம்பி."

மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் நெளிந்த நெளிப்பிலேயே புரிந்திருக்கும்.

இப்போது பாபநாசம் போய்த் திரும்பி வருகிறேன், ஏறக்குறைய 100 கி.மீ. மறுநாள் ஆபீஸ் நாற்காலியில் எல்லாரையும் போல உட்காருகிறேன். இதற்கிடையில் சீட்டுகளுக்கென்று செலவழித்த காசில் பாதி வீண். அந்தப் பாதி உங்கள் கையில் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதன்மேல் உட்காருகிறோம்

டீக்கடை மரபெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் புட்டத்துக்கு அடியில் வைத்து லேசாக முன்னும் பின்னும் ஆடிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். இடுப்பெலும்பின் அடிநுனிகள் அவை. உடம்பின் எடையைத் தாங்கவே அமைந்தவை. சைக்கிளில் நம் எடை இந்த இரண்டின் மேல்தான் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மென்மையான இடம். நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற இடம். அங்கே எடை இறங்கினால் மரத்துப்போகும்.

மெத்தென்ற சீட் இங்கேதான் ஏமாற்றுகிறது. ஜெல்லுக்குள் எலும்பு முனைகள் அமிழும்போது, ஒதுங்கிய ஜெல் நடுவில் மேடாக எழுந்து நிற்கும். எந்த இடத்தில் அழுத்தம் கூடாதோ அங்கேயே முட்டும். கடை வாசலில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினால் இது தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

எங்கள் ஆச்சி வீட்டில் பத்தமடைக் கோரைப்பாய் ஒன்று உண்டு. தரையில் அதை விரித்து உட்கார்ந்து ஆச்சி ஒரு மூட்டைப் புளியைக் கொட்டை எடுப்பாள். நாலு மணி நேரம் அசையமாட்டாள். அதே ஆச்சியைச் சித்தப்பா வீட்டு ஸ்பாஞ்ச் சோபாவில் உட்காரவைத்தால் அரை மணி நேரத்தில் "இடுப்பு கடுக்குதுய்யா" என்று கீழே இறங்கிவிடுவாள். நீண்ட தூரத்துக்கு வேண்டிய சீட் அந்தப் பாயைப் போன்றது: கெட்டியாக, எலும்பைத் தாங்குகிறதாக, மேலே கொஞ்சம் இளக்கம் உள்ளதாக.

உடனே ஒரு கேள்வி வரும். அந்தக் காலத்துப் பால்காரரும் தபால்காரரும் ஸ்பிரிங் வைத்த அகல சீட்டில்தானே நாளெல்லாம் சுற்றினார்கள்? உண்மைதான். அந்த சைக்கிளின் ஹேண்டில் பாரைப் பாருங்கள். உயரமாக, நம் பக்கம் வளைந்து வந்திருக்கும். முதுகு நேராக நிமிர்ந்தே உட்காருவார்கள். எடை முழுக்கப் பின்புறம் இறங்கும். அதற்கு அகலமும் ஸ்பிரிங்கும் தேவை. தவிர, வீட்டுக்கு வீடு இறங்கி ஏறுகிற வேலை. இப்போது வாங்குகிற சைக்கிளில் நாம் முன்னால் குனிகிறோம். குனியக் குனிய இடுப்பு முன்புறம் சாயும், சீட்டின் மேல் படுகிற இடம் குறுகும். அங்கே அகல சீட் போட்டால் தொடை உரசிப் புண்ணாகும். ஆகவே எந்த சீட் நல்லது என்று கேட்பதற்கு முன், எப்படி உட்காரப் போகிறோம் என்று பார்க்க வேண்டும்.

இருப்பதை முதலில் சரிசெய்யுங்கள்

மேலப்பாளையத்தில் எனக்கு சைக்கிள் பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை ஒட்டியிருக்கும். புது சீட் கேட்டுப் போனவனிடம், "சீட்டு எங்கயும் ஓடிராது தம்பி. முதல்ல இருக்கத ஒழுங்கா வைப்போம், பொறவு வாங்கலாம்லா" என்று சொல்லி ஸ்பேனரை எடுத்தார். அன்று அவருக்குக் கொடுத்தது ஐம்பது ரூபாய். பிற்பாடு நான் வாங்கின எந்த சீட்டும் அந்த ஐம்பது ரூபாய் அளவுக்கு வலியைக் குறைக்கவில்லை.

முதல் வேலை உயரம். புதிதாக வாங்கும்போது பல இடங்களில் இரண்டு காலும் தரையில் பட உட்காரவைத்து "சரியா இருக்கா?" என்பார்கள். தெருவுக்குள் ஓட்ட அது போதும். தூரத்துக்கு அது தப்பு. சீட் தாழ்ந்திருந்தால் கால் பெடலை முழுதாக அழுத்தி எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாது. மூட்டை மாதிரி மொத்த எடையும் சீட்டில் கிடக்கும். முழங்காலின் முன்பக்கமும் வலிக்கும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சீட் அழுத்துகிற அளவுக்கு மேலே தூக்கி, அதன் மேல்விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். தரையிலிருந்து அந்தக் குறி வரை வரும் சென்டிமீட்டரை 0.883 ஆல் பெருக்க வேண்டும். 80 செ.மீ. என்றால் 70.6 வரும். 76 என்றால் 67.1. பெடல் கிராங்க் சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை, சீட் கம்பியை ஒட்டியே அளந்து இந்த உயரத்துக்கு வையுங்கள்.

இது ஆரம்ப அளவுதான். சரிபார்க்க, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் மடங்காமல் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வரும். பின்னால் வருகிற நண்பரிடம் உங்கள் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். அந்த ஆட்டம்தான் தொடையை உரசுகிறது. ஒரேயடியாக இறக்காமல் 3 முதல் 5 மி.மீ. வரை இறக்குங்கள். சீட் கம்பியில் 'இதற்கு மேல் இழுக்காதே' என்கிற கோடு ஒன்று பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. தெரிந்தால் கம்பியோ பிரேமோ உடையும்.

இந்த உயரத்தில் நின்றால் கால் தரைக்கு எட்டாதே என்று பயம் வரும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் வழுக்கி இறங்கி ஒரு காலை ஊன்றப் பழக வேண்டும். நான் வ.உ.சி. மைதானம் பக்கத்தில் காலை ஐந்தரைக்கு, பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் பழகினேன். மூன்று நாளில் வந்துவிட்டது.

இரண்டாவது, சாய்வு. கொத்தனாரிடம் ரசமட்டம் ஒன்று இரவல் வாங்குங்கள். சமதரையில் சைக்கிளை நிறுத்தி, சீட்டின் மேல் முன்பின்னாக ஒரு தட்டையான பலகையை வைத்து அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் போதும். சீட்டின் முன்நுனியான மூக்கு மேலே தூக்கியிருந்தால் மரத்துப்போவது உறுதி. அதற்குப் பயந்து மூக்கை ரொம்ப இறக்கிவிட்டால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கித் தாங்கி உள்ளங்கையும் தோளும் வலிக்கும். ஒன்றிரண்டு டிகிரி இறக்குவதில் தப்பில்லை.

இங்கே ஒரு சிக்கல். விலை குறைந்த சைக்கிள்களில் சீட்டைப் பிடிக்கிற கிளாம்புக்குள் பல் பல்லாக இருக்கும். ஒரு பல் நகர்த்தினாலே மூக்கு சட்டென்று மேலேயோ கீழேயோ போய்விடும், நடுவில் நிற்காது. என் முதல் சைக்கிளில் இதோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு போல்ட் வைத்த சீட் கம்பி மாற்றியபின்தான் நினைத்த இடத்தில் நின்றது. சீட் மாற்ற வைத்திருக்கும் காசில் முதலில் இதைச் செய்வது நல்லது. கம்பியின் விட்டம் மி.மீ. கணக்கில் அதன்மேலேயே பொறித்திருக்கும், 27.2 என்பது போல. அதே அளவுதான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, முன்பின். இதற்கும் கொத்தனார் சாமான்தான்: தூக்குக்குண்டு. இல்லாவிட்டால் நூலில் ஒரு நட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பெடலும் முன்னும் பின்னுமாக ஒரே உயரத்தில் நிற்கும்படி வைத்து, முன்னால் இருக்கும் முழங்காலின் முன்விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், அது பெடல் அச்சுக்கு நேராக விழ வேண்டும். முன்னால் விழுந்தால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பின்னால் விழுந்தால் முன்னுக்கு. ஹேண்டில் எட்டவில்லை என்பதற்காக சீட்டை முன்னால் இழுக்காதீர்கள். அதற்கு ஹேண்டிலைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மைக் குட்டையாக மாற்ற வேண்டும்.

ஒவ்வொன்றையும் மாற்றியபின் இன்சுலேஷன் டேப்பால் கம்பியில் அடையாளம் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு, எது உதவியது எது கெடுத்தது என்று தெரியாமல் விழித்தவன் சொல்கிறேன்.

அட்டையில் அளவெடுப்பது

இதற்குப் பிறகும் வலித்தால் சீட்டின் அகலத்தைப் பார்க்கலாம். மளிகைக் கடையில் நெளிநெளியான உள்ளடுக்கு வைத்த அட்டைப்பெட்டி கிடைக்கும். ஒரு துண்டு வெட்டி முக்காலி மேல் வையுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், மெல்லிய டவுசர் போதும். அதன்மேல் உட்கார்ந்து, காலுக்கடியில் நாலைந்து செங்கல் உயரத்துக்கு எதையாவது வைத்து முழங்காலை இடுப்பைவிட உயர்த்துங்கள். கையால் முக்காலியைப் பிடித்து உடம்பை ஒரு தடவை கீழே இழுத்து, முன்னால் கொஞ்சம் குனிந்து, அரை நிமிடம் அப்படியே இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கொஞ்சம் கோலமாவைத் தூவித் தடவுங்கள். குழிக்குள் மாவு தங்கும்.

ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். எனக்கு 118 மி.மீ. வந்தது. பெரும்பாலானவர்களுக்கு 100க்கும் 150க்கும் நடுவில் வரும். இதற்கும் ஆளின் பருமனுக்கும் சம்பந்தமில்லை. என்னைவிட இருபது கிலோ கூடின என் மச்சானுக்கு 108தான். அவன் நம்பவே இல்லை, மூன்று அட்டையை வீணாக்கினான்.

இந்த அளவோடு, நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவர் 20 மி.மீ. போலக் கூட்டிக்கொள்ளலாம், ஓரளவு நிமிர்ந்து உட்காருகிறவர் 30 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அதுதான் சீட்டின் பின்பக்க அகலம். என் கணக்குப்படி 140ஐ ஒட்டி. நான் அதுவரை ஓட்டிக்கொண்டிருந்த சீட் 180. தொடை புண்ணானதற்குக் காரணம் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

பெண்களுக்குப் பொதுவாக இந்த எலும்புகளின் இடைவெளி கொஞ்சம் கூடுதல். அதனால் ஆண்களை மனதில் வைத்துச் செய்த ஒடுக்கமான சீட் பலருக்குப் பொருந்தாது. எலும்பு சீட்டுக்கு வெளியே தொங்கி, எடை முழுக்க நடுவில் இறங்கும். 'இது லேடீஸ் சீட்' என்று சொல்லி விற்பதை அப்படியே நம்பாமல் அட்டையில் வந்த எண்ணைக் கொண்டு வாங்குங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு கடையில் எதையோ ஒன்றை வாங்கி வருவதைவிட, வீட்டில் அளந்து 'எனக்கு 155 வேணும்' என்று சொல்வது எளிது.

வாங்கும்போது

விரலால் அமுக்கிப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். எலும்பு படுகிற பின்பகுதி தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். நடுவில் பள்ளமோ ஓட்டையோ இருக்கிற சீட் மரத்துப்போகிறவர்களுக்குப் பெரும்பாலும் உதவும். சிலருக்கு அந்த ஓட்டையின் விளிம்பே குத்தும், அதனால் ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. நண்பர் வைத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேளுங்கள். கடையில் வாங்கினால் ஒரு வாரத்தில் மாற்றித் தருவார்களா என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

சீட்டுக்கு அடியில் ஓடும் இரண்டு கம்பிகளையும் பாருங்கள். 7 மி.மீ. உருண்டைக் கம்பி என்றால் சாதாரண கிளாம்பு எல்லாவற்றிலும் உட்காரும். கார்பன் கம்பி பல சீட்டுகளில் முட்டை வடிவமாக, 7க்கு 9 என்றிருக்கும். அதற்கு வேறு கிளாம்பு வேண்டும். இது தெரியாமல் இணையத்தில் வாங்கித் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

தோல் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் சைக்கிள் கோபித்துக்கொள்ளும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1866இல் தோல் சாமான் தொழில் தொடங்கியவர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். குதிரை செத்துப்போனதால் சைக்கிளுக்கு மாறியவர், அந்த சைக்கிளின் சீட் பொறுக்காமல்தான் சீட் செய்ய இறங்கினார் என்று ஒரு கதை உண்டு. 1882இல் தோல் சீட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். அவர்களுடைய பி17 சீட்டை நூறு வருஷத்துக்கு மேலாகத் தொலைதூர ஓட்டக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். அதில் ஸ்பாஞ்ச், ஜெல் எதுவும் கிடையாது. இழுத்துக் கட்டிய கெட்டித் தோல், அவ்வளவுதான். புதிதில் பலகை மாதிரி இருக்கும். சில நூறு கி.மீ. ஓடியபின் உங்கள் எலும்பு படுகிற இடத்தில் மட்டும் குழிந்து கொடுக்கும்; செருப்பு காலுக்குப் பழகுவதுபோல.

ஆனால் நம் ஊருக்கு அதில் ஒரு வம்பு உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து, அப்படியே ஏறி ஓட்டினால் தோல் தொய்ந்துவிடும். ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றை சீட்டுக்கடியில் எப்போதும் சுருட்டி வைத்திருங்கள். மட்கார்டு இல்லாத சைக்கிளில் சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் அடிப்பக்கத்திலும் படும் என்பதையும் மறக்க வேண்டாம். மூக்கின் அடியில் தோலை இறுக்குகிற நட்டு ஒன்று இருக்கும். அதைச் சும்மா சும்மா திருகாதீர்கள். இந்தப் பராமரிப்பெல்லாம் ஆகாது என்றால் தோல் சீட் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பசுமாட்டைப் பார்த்து ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன போடுவது

சீட்டில் பாதி, துணியில் பாதி. திருநெல்வேலி வெயிலில் இரண்டு மணி நேரம் மிதித்தால் வேர்வை உப்பாகப் படியும். அந்த உப்பும் தையலும் சேர்ந்து அரம் மாதிரி அறுக்கும். ஜீன்ஸின் நடுத்தையல் சரியாக எலும்பு முனைகளுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறது. அதைப் போட்டுக்கொண்டு 20 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள்.

அடியில் பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள். சீட்டில் போடவேண்டிய மென்மை உண்மையில் இங்கேதான் இருக்க வேண்டும், ஏனென்றால் இது உடம்போடு நகரும். புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, உள்ளே ஜட்டியும் போடுவது. போடக்கூடாது. பேட் தோலில் நேராகப் படுவதற்காகவே தையல் இல்லாமல் செய்திருக்கிறார்கள். ஜட்டி போட்டால் அதன் தையல் வந்து உரசும். டீக்கடையில் இறுக்கமான ஷார்ட்ஸோடு நிற்கக் கூச்சமாக இருந்தால் மேலே ஒரு லூசான டவுசர். சுடிதார் போடுகிறவர்களுக்கு உள்ளே போடும் மெல்லிய பேட் ஷார்ட்ஸ் தனியாகக் கிடைக்கிறது.

நெடுந்தூரம் போகிற அன்று உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் அவ்வளவு நேரம் நிற்காது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அந்த ஷார்ட்ஸைக் கழற்றிக் குளிப்பது. அதோடேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக் கதை பேசினால் மறுநாள் கட்டி வரும். ஒரு தடவை போட்டதைத் துவைக்காமல் மறுபடி போடாதீர்கள். இரண்டு ஜோடி இருந்தால் நல்லது.

ரோட்டில் பார்ப்பது

எந்த சீட்டானாலும் முதல் இரண்டு வாரம் எலும்பு முனைகளில் தொட்டால் வலிக்கும். அது பழக்கமில்லாத வலி, பழகினால் போகும். வாரத்துக்கு மூன்று நாள் 10, 15 கி.மீ. ஓட்டுங்கள். அப்புறம் சேரன்மகாதேவி வரை போய் வாருங்கள், ஒரு வழி சுமார் 20. அது சுகமானால் அம்பாசமுத்திரம். பிறகு பாபநாசம். இந்தச் சாலையை நான் சொல்லக் காரணம், நடுவில் நிறுத்த ஊர்கள் நிறைய: பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று எங்கே முடியவில்லையோ அங்கே இறங்கி பஸ் ஏறிவிடலாம். நாலுவழிச் சாலையில் நாங்குநேரி பக்கம் போனால் இந்த வசதி குறைவு.

ஓட்டும்போது பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். அழுந்தின இடத்தில் ரத்தம் ஓடட்டும். வேகத்தடையோ பள்ளமோ வந்தால் உட்கார்ந்தபடி வாங்காமல் புட்டத்தைத் தூக்குங்கள். டயரில் கல் மாதிரி காற்றடித்து வைத்தால் எந்த சீட்டும் காப்பாற்றாது. டயரின் பக்கத்தில் அதிகபட்சம் இவ்வளவு என்று பொறித்திருப்பதைப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள்.

வந்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனையாவது கி.மீ.யில், எந்த இடத்தில் வலி. வலிக்கிற இடமே காரணத்தைச் சொல்லிவிடும். முன்பக்கம் மரத்தால் மூக்கு தூக்கியிருக்கிறது, அல்லது சீட் உயரம் அதிகம், அல்லது ஹேண்டில் ரொம்பத் தூரம். உள்தொடை உரசினால் சீட் அகலம் அல்லது உயரம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் என்றால் முதலில் சீட் நேராக இருக்கிறதா, மூக்கு கோணிக்கொண்டிருக்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். எனக்கு ஒரு தடவை அவ்வளவுதான் விஷயம். முழங்காலுக்குப் பின்னால் இழுத்தாலும் சீட் உயரம் அதிகம்தான். கட்டி வந்தால் ஆறும்வரை ஓட்டவேண்டாம். மரத்துப்போனது இறங்கிச் சில நிமிடத்தில் சரியாகாமல் அடிக்கடி நீண்டால் டாக்டரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனி ஆடியில் ஒரு விசித்திரம் நடக்கும். சித்திரையில் சுகமாக இருந்த அதே சீட் கடிக்க ஆரம்பிக்கும். காரணம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று கொட்டுகிற மாதங்கள் அவை. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தக் காற்றுக்கு எதிராகத் தென்காசிப் பக்கமோ வள்ளியூர்ப் பக்கமோ போகும்போது நம்மை அறியாமல் குனிந்து, சீட்டின் மூக்குக்கு நகர்ந்துவிடுகிறோம். எடை எலும்பிலிருந்து நடுப்பகுதிக்குப் போய்விடுகிறது. அதற்காக சீட்டை மாற்றவேண்டாம். கியரைக் குறைத்து, பின்னால் தள்ளி உட்கார்ந்து, முழங்கையை மடக்குங்கள். காற்று முடிகிற வரை வேகத்தை மறந்துவிடுங்கள்.

கொஞ்ச நாளில் 200 கி.மீ. பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்டலாமா என்ற ஆசை வரும். அதற்குக் கிடைக்கும் நேரம் பதின்மூன்றரை மணி. டீ, சாப்பாடு, பஞ்சர் போக ஒன்பது பத்து மணி நேரமாவது சீட்டில் இருப்பீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்து எதையும் மாற்றாதீர்கள். புது சீட், புது ஷார்ட்ஸ் எதுவும் வேண்டாம்.

டேப் அடையாளத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? போன மாதம் தங்கச்சி மகன் பரோட்டா வாங்க என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் விடியற்காலை ஏறி உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. பயல் நாலு அங்குலம் இறக்கிவிட்டிருக்கிறான். டார்ச் அடித்து, கருப்பு டேப் தெரிகிற வரை கம்பியை இழுத்து முறுக்கினேன். ஒரு நிமிட வேலை. சேரன்மகாதேவி போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால்.